கும்பிடாதவன்

ஆடி ஞாயிறு. தெரு அம்மன் கோயில்ல கூழ் ஊத்தினாங்க.
அண்டாவைத் தூக்கி வச்சதும் நான்தான், வரிசையில நின்னவங்களுக்கு ஊத்திக் கொடுத்ததும் நான்தான்.
தீபாராதனை வந்தப்போ கை கூப்பல. அவ்வளவுதான்.

"நாளைக்கு ஒண்ணுன்னா யாரைடா கூப்பிடுவ?"
சித்தப்பா கேட்டார்.
"உங்களைத்தான் சித்தப்பா"ன்னேன்.
மனசாரச் சொன்னேன். அப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்போ ராத்திரி முழுக்க என்கூட முழிச்சிருந்தது அவர்தான்.

எனக்கு ஒரு கேள்வியோட போச்சு. எல்லாருக்கும் அப்படிப் போகல.
கோவையில ஃபாரூக், கடவுள் இல்லைன்னு வெளிப்படையாச் சொன்னவர். 2017 மார்ச்ல வெட்டிக் கொன்னாங்க. ரெண்டு பிள்ளைங்க அவருக்கு.
பெரியார் மண்ணுன்னு பேசுறோம். இன்னும் ஆறல எனக்கு.

அரசியல் சட்டம் 25வது பிரிவைப் படிச்சுப் பாருங்க. மதத்தைப் பின்பற்றுற உரிமைக்கு முன்னாடியே மனசாட்சிச் சுதந்திரத்தைச் சொல்லுது.

அம்மா கும்பிடுற உரிமைக்கு யார் குறுக்கே வந்தாலும் நான் அம்மா பக்கம் நிப்பேன்.
கும்பிடாம இருக்க எனக்கும் அதே உரிமை வேணும்.

உங்க வீட்டுல இப்படி ஒருத்தர் இருந்தா, வலுக்கட்டாயமாத் திருநீறு பூசாதீங்க.
பக்கத்துல உட்கார்ந்து ஏன்னு கேளுங்க. பொறுமையாக் கேளுங்க.