ஸ்தோத்திர ஆராதனைக்குப் பின்பு



நம்முடைய சபையில் ஒருவர் அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பினால், நாம் கூடி ஸ்தோத்திர ஜெபம் ஏறெடுக்கிறோம், சாட்சி கேட்கிறோம், காணிக்கை படைக்கிறோம். அது நல்ல வழக்கம். ஆனால் அடுத்த வாரமே அவருடைய பெயர் ஜெபக்குறிப்பிலிருந்து நீங்கிவிடுகிறது. சுகம் கிடைத்தாயிற்று, காரியம் முடிந்தது என்று எண்ணுகிறோம். எல்லாச் சுகமும் அப்படி முடிந்துவிடுவதில்லை என்பதை, வயிற்றுக்குள் ஓடும் ஓர் இரத்தக் குழாயைக் கொண்டு இந்த வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

இருதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி, முதுகெலும்பை ஒட்டி வயிற்றுக்குள் இறங்கி, ஏறக்குறைய தொப்புளின் மட்டத்தில் இரண்டாகப் பிரிகிறது. அந்த இரு கிளைகளே இலியாக் தமனிகள். இடுப்புக்கும் கால்களுக்கும் இரத்தத்தைக் கொண்டுசெல்பவை. வயிற்றில் பெருந்தமனியின் விட்டம் இயல்பாக 2 செ.மீ. அளவில் இருக்கும். அதன் சுவர் தளர்ந்து, பழைய சைக்கிள் டியூபில் நைந்த இடம் புடைப்பதைப்போல் 3 செ.மீ. அல்லது அதற்கு மேல் விரிந்தால், மருத்துவர்கள் அதை அனியூரிசம் என்கிறார்கள். புகைப்பிடித்தல், முதுமை, உயர் இரத்த அழுத்தம், குடும்பத்தில் இந்த நோய் இருத்தல் ஆகியவை இதற்குத் துணைபோகின்றன. ஆண்களுக்கே அதிகமாக வருகிறது. பெரும்பாலும் வலி இல்லை, காய்ச்சல் இல்லை, எந்த அறிகுறியும் இல்லை. வெடித்துவிட்டாலோ, பலர் மருத்துவமனையை எட்டுவதற்கு முன்பே இறந்துபோகிறார்கள்.

ஆல்பர்ட் ஐன்ஸ்டீனின் மரணம் இவ்வகையானதே. 1948-ஆம் ஆண்டின் இறுதியில் ருடால்ஃப் நிசென் என்னும் அறுவைச் சிகிச்சை நிபுணர் அவருடைய வயிற்றைத் திறந்து, வீங்கிய தமனியைச் செலோஃபேன் தாளால் சுற்றினார். சுற்றிலும் தழும்புத் திசு வளர்ந்து சுவரைத் தாங்கும் என்பது அக்கால நம்பிக்கை. ஆறு ஆண்டுகளுக்கும் மேலாக அவர் வாழ்ந்தார். 1955 ஏப்ரலில் அந்தத் தமனி வெடித்தது. மறுபடியும் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ள அவர் இசையவில்லை. தம்முடைய 76-ஆம் வயதில் காலமானார்.

இதற்கிடையில், 1951-இல் பாரிஸ் நகரில் சார்ல் துபோ என்பவர் வீங்கிய பகுதியை அகற்றி, இறந்த ஒருவரின் தமனியை அவ்விடத்தில் தைத்துக் காட்டினார். பின்பு பாலியெஸ்டர் துணியால் ஆன குழாய்கள் வந்தன. ஆயினும் வயிற்றைத் திறக்கவேண்டும். பெருந்தமனியைக் கவ்வியால் அடைக்கவேண்டும். நுரையீரலும் இருதயமும் பலவீனமான முதியவர்கள் இதைத் தாங்கமாட்டார்கள். அப்படித் தாங்க முடியாத ஒருவருக்காகவே, 1990 செப்டம்பரில் புவெனோஸ் ஐரெஸ் நகரில் ஹுவான் பரோடி என்னும் மருத்துவர் வேறொரு வழியைத் துணிந்தார். துணிக்குழாயை உலோக ஸ்டென்டோடு தைத்து, மடித்து, தொடையிடுக்கின் தமனி வழியாக உள்ளே செலுத்தி, வீக்கத்தின் நடுவே விரித்தார். வயிற்றைத் திறக்கவில்லை.

இன்று நம் நாட்டிலும் இது செய்யப்படுகிறது. ஸ்டென்ட் கிராஃப்ட் என்பது, நிக்கலும் டைட்டானியமும் கலந்த உலோக வலையோடு இணைந்த துணிக்குழாய். உறைக்குள் சுருங்கியிருந்து, தமனிக்குள் விடுவிக்கப்பட்டதும் தன் வடிவத்தை மீட்டு விரிகிறது. கால்சட்டையைப்போல் மேலே ஓர் உடலும் கீழே இரு கால்களுமாக அமைந்து, இரு இலியாக் தமனிகளுக்குள்ளும் இறங்குகிறது. இரத்தம் இனி அந்தப் புதிய குழாய்க்குள் ஓடும்.

இங்கே ஒரு காரியத்தைக் கவனியுங்கள். வீங்கிய பழைய சுவர் அகற்றப்படுவதில்லை. அது புதிய குழாயைச் சுற்றி அப்படியே இருக்கிறது. அதன்மேல் இரத்தத்தின் அழுத்தம் படாதவரைக்கும் அது தீங்கு செய்யாது. குழாயின் ஓரத்தில் இடைவெளி உண்டானாலும், குழாய் இடம் நகர்ந்தாலும், சிறு கிளைத் தமனிகள் வழியாக இரத்தம் பின்னோக்கி வந்தாலும், பழைய பையில் மறுபடியும் அழுத்தம் ஏறக்கூடும். இவ்விதக் கசிவுக்கும் வலி இல்லை. ஸ்கேன் செய்து பார்த்தால் மாத்திரமே தெரியும்.

இங்கிலாந்தில் 1999 முதல் 1252 நோயாளிகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. சிகிச்சை முடிந்த முதல் 30 நாட்களில், வயிற்றைத் திறந்து சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 4.3 பேர் இறந்தார்கள். ஸ்டென்ட் கிராஃப்ட் பெற்றவர்களில் 1.8 பேர். ஆனால் எட்டு ஆண்டுகளுக்குப் பின்பு தராசு மறுபக்கம் சாய்ந்தது. ஸ்டென்ட் கிராஃப்ட் பெற்றவர்களிடையே, பழைய பை வெடித்ததால் நேர்ந்த மரணங்கள் அதற்கு ஒரு முக்கியக் காரணமாயின. ஆகவேதான் இச்சிகிச்சை பெற்றவர்கள் வாழ்நாள் முழுவதும் கண்காணிப்பில் இருக்கவேண்டும் என்கிறார்கள்.

நம்முடைய மூப்பர் ஒருவருக்கு இது நேர்ந்தது. அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன். சிறுநீரகக் கல்லுக்காக ஸ்கேன் எடுத்தபோது, பெருந்தமனி 5.8 செ.மீ. என்றும், வலது இலியாக் தமனி 3.8 செ.மீ. என்றும் தெரியவந்தது. ஆண்களுக்கு 5.5 செ.மீ.-ஐ எட்டினால் சிகிச்சையைப்பற்றி யோசிப்பது வழக்கம். வலப்பக்கத்து வீக்கத்தின் காரணமாக, இடுப்புக்குள் செல்லும் ஒரு கிளையை அடைத்துவிட்டு, குழாயை அப்பால் நீட்டவேண்டியிருந்தது. நான்காம் நாள் வீடு திரும்பினார். நீங்கள் எல்லாரும் அந்த ஸ்தோத்திர ஆராதனைக்கு வந்திருந்தீர்கள். இன்றைக்கும் சிறிது தூரம் நடந்தால் வலது பிட்டத்தில் அவருக்கு வலி எடுக்கிறது. நின்று, இளைப்பாறி, நடக்கிறார். அடைத்த கிளைக்கான விலை அது.

முதல் மாத ஸ்கேனுக்குப் போனார். ஓர் ஆண்டு நிறைந்ததும் மறுபடியும் போகவேண்டியிருந்தது, மறுத்துவிட்டார். அவருடைய மனைவி என்னை அழைத்தார்கள். நான் சென்று அமர்ந்ததும் அவரே தொடங்கினார்: “சபையார் முன்னாடி சாட்சி சொல்லியாச்சு, ஐயா. கர்த்தர் சுகம் கொடுத்தார்னு சொல்லிட்டு, இன்னும் ஸ்கேனுக்குப் போனா, நான் விசுவாசிக்கலன்னு ஆகாதா?”

நான் எசேக்கியா ராஜாவை நினைவுபடுத்தினேன். மரணத்துக்கேதுவாய் வியாதிப்பட்டு, சுவரை நோக்கித் திரும்பி அழுது ஜெபித்தவர். அவருக்குப் பதினைந்து வருஷம் கூட்டிக் கொடுக்கப்பட்டது. அந்த வாக்குத்தத்தத்தைக் கொண்டுவந்த ஏசாயா தீர்க்கதரிசியே, அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் போடச் சொன்னார். ஜெபமும் அடையும் ஒரே அறையில் இருந்தன. ஒன்றை ஒன்று வெட்கப்படுத்தவில்லை. “அண்ணாச்சி, அதுக்கு அடுத்த காரியம் என்னன்னு யோசிச்சுப் பாருங்க” என்றேன். சுகமான ராஜாவைக் காணப் பாபிலோனிலிருந்து ஸ்தானாபதிகள் வந்தார்கள். பெற்ற வருஷங்களில் விழிப்பாயிராமல், பொக்கிஷசாலை முழுவதையும் அவர்களுக்குத் திறந்து காண்பித்தார். அந்தப் பொக்கிஷமெல்லாம் ஒருநாள் பாபிலோனுக்குப் போகும் என்ற வார்த்தையைக் கேட்கவேண்டியதாயிற்று. வியாதியில் விழித்திருந்தவர், சுகத்தில் அயர்ந்துபோனார்.

அவர் வெகுநேரம் பேசவில்லை. மறுவாரம் ஸ்கேனுக்குப் போனார். “குழாய் இருந்த இடத்திலேயே இருக்கிறது. முதுகுப்புறத்துச் சிறு கிளை ஒன்றின் வழியாகப் பழைய பைக்குள் கொஞ்சம் இரத்தம் வருகிறது. பை பெரிதாகவில்லை. இப்போது ஒன்றும் செய்யவேண்டாம், ஆறு மாதத்தில் மறுபடியும் பார்ப்போம்” என்றார் மருத்துவர். அவருடைய மனைவி நாட்காட்டியில் அந்தத் தேதியைக் குறித்துவைத்தார்கள். நற்செய்தி என்று சொல்லிக் கைதட்டத்தக்க முடிவல்ல அது; துர்ச்செய்தியும் அல்ல. பார்த்திருக்கவேண்டிய ஒன்று, அவ்வளவே.

இறையியல் கல்லூரியில் நாங்கள் கற்ற ஒரு சொல் இங்கே எனக்குத் துணைநிற்கிறது. நம் வேதாகமத்தில் சபைத் தலைவரைக் கண்காணி என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். அதன் கிரேக்க மூலச்சொல் மேற்பார்ப்பவர் என்னும் பொருளுடையது. கண்காணிப்பு என்பது அவநம்பிக்கை அல்ல. ஒரு மேய்ப்பன் ராத்திரியில் மந்தையை எண்ணுவது, மந்தை தொலைந்துவிட்டது என்று நம்புவதினால் அல்லவே. அது தனக்கு ஒப்புவிக்கப்பட்டது என்பதினால் அல்லவா?

ஆகவே பிரியமானவர்களே, மூன்று காரியங்களை உங்கள்முன் வைக்கிறேன். புகைப்பிடிக்கிறவர்கள் நிறுத்துங்கள்; வீக்கம் சிறிதாயிருக்கும்போது அது வேகமாக வளராமலிருக்க நம் கையில் இருக்கும் முதற்காரியம் அதுவே. 65 வயதைக் கடந்த ஆண்கள், அதிலும் புகைப்பழக்கம் இருந்தவர்கள், உடன்பிறந்தாருக்கோ பெற்றோருக்கோ இந்த நோய் இருந்தவர்கள், ஒருமுறை வயிற்றை ஸ்கேன் செய்து பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஊசி இல்லை, வலி இல்லை, சில நிமிடங்களே ஆகும். ஸ்டென்ட் கிராஃப்ட் பெற்றவர்கள், உங்களுக்குக் குறித்த தேதியைத் தவறவிடாதேயுங்கள்.

சபைக்கும் ஒரு பொறுப்பு உண்டு. இனி நம்முடைய ஸ்தோத்திர ஆராதனைகளில், சுகம் பெற்றவரின் அடுத்த பரிசோதனை நாள் எப்பொழுது என்று கேட்டு, அதையும் ஜெபக்குறிப்பில் எழுதிவைப்போம். அந்த நாளில் ஸ்கேன் அறைக்கு வெளியே அவரோடு ஒருவர் உட்கார்ந்திருக்கட்டும்.

கூட்டிக் கொடுக்கப்பட்ட நாட்களை விழிப்போடு காத்துக்கொள்ள கர்த்தர் நமக்குக் கிருபை செய்வாராக. ஆமென்.