பெயர் கேளாத மருந்து

ஞானப்பல் முளைத்தவர்க்கெல்லாம் ஞானமும் உடன் முளைத்துவிடுவதில்லை என்பதற்கு யானே சான்று. யான் ஆங்கிலவழிக் கல்வி பயின்றவன்; எண்ணெய்ப்பனைத் தோட்டமொன்றில் கிராணி. வெட்டிய குலை ஒவ்வொன்றுக்கும் கணக்கு வைப்பவன். சென்ற ஆண்டு என் கீழ்த்தாடை ஞானப்பல் எலும்பினுள் குறுக்கே படுத்துப் பொறுக்கொணா நோவு தந்தது. ஈறைக் கீறி, எலும்பைச் சிறிது குடைந்துதான் எடுக்க வேண்டுமென்றார் பட்டணத்துப் பல் வைத்தியர். அதற்கு முன்னர் டெக்சாமெதசோன் 8 மில்லிகிராம் கொடுப்பதாகவும் கூறினார்.

அஃது என்ன மருந்து என வினவினேன். "ஸ்டீராய்டு" என்றார். என் நெஞ்சு திடுக்கிட்டது.

காரணம் உண்டு. சில ஆண்டுகட்கு முன் என் தாயார் மூட்டுவலிக்கென இரவுச் சந்தையில் குளிகை வாங்கி உண்டு வந்தார். உறையில் பெயருமில்லை, அளவுமில்லை. சின்னாளில் வலி பறந்தது. சில திங்களில் முகம் முழுமதிபோல் உருண்டது. "கிராணியின் தாயார் தேறிவிட்டார்" என லயத்தார் மகிழ்ந்தனர், யானும் மகிழ்ந்தேன். விற்றவன் சந்தைக்கு வாராதொழியவே குளிகை நின்றது. தாயார் மயங்கி வீழ்ந்தார். குளிகையில் ஸ்டீராய்டு கலந்திருந்ததென மருத்துவமனையிற் கூறினர். சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் நாள்தோறும் கார்டிசால் சுரக்கின்றன. வெளியிலிருந்து நெடுநாள் வந்த மருந்து அவற்றை உறங்கச் செய்துவிட்டது; அம்மருந்தும் திடீரென நிற்கவே உடல் தாங்கவில்லை. தாயார் உயிர் பிழைத்தார். ஆயினும் எலும்பு நொய்ந்து, இன்றும் கோலூன்றியே நடக்கிறார்.

இதனைக் கேட்ட வைத்தியர் சினந்தாரில்லை. "மருந்து அவ்வினமே, முறை வேறு" என்றார். பல் எடுத்தபின் வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சமடையும். வீக்கத்தை எழுப்பும் பொருள்கள் உடலில் மிகாதபடி இம்மருந்து தடுப்பதால், கன்னவீக்கமும் தாடைப்பிடிப்பும் குறையும். ஆனால் வலிமாத்திரைக்கு இது மாற்றன்று. ஓரிரு வேளையோடு நிற்பதால் சுரப்பிகள் உறங்கிவிடா. நீரிழிவு, வயிற்றுப்புண், காசநோய் உண்டோ என வினவி, இல்லையென அறிந்த பின்னரே கொடுத்தார்.

பின்னர் யான் படித்தறிந்ததும் உண்டு. 1948-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் கார்டிசோன் முடக்குவாத நோயாளிக்கு முதன்முதல் கொடுக்கப்பட்டது. 1950-இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவர்க்கும் நோபெல் பரிசு கிடைத்தது. அவ்வினத்தில் வலிமை மிக்கதே டெக்சாமெதசோன். 2020-இல் கோவிட் முற்றிப் பிராணவாயு தேவைப்பட்டோரிடையே இறப்பைக் குறைத்ததும் இதுவே.

மூன்றாம் நாள் என் கன்னம் சிறிதே வீங்கியிருந்தது; வாய் திறந்து கஞ்சி குடித்தேன். தாயார் என் கன்னத்தைத் தடவி, "அதே மருந்தா, தம்பி?" என்றார். "அவ்வினந்தான், அம்மா. ஆனால் இதன் பெயரும் அளவும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அம்மௌனம் என்னைச் சுட்டது. குலைக்குக் கணக்கெழுதியவன், பெற்றவள் உண்ட குளிகையின் பெயரைக் கேளாதிருந்தேனே!

தோழர்களே, எம்மருந்தாயினும் பெயர் என்ன, அளவு எவ்வளவு, எத்தனை நாள் என்று கேளுங்கள். கேட்பது வைத்தியரை அவமதிப்பதன்று. பெயரற்ற குளிகையைப் பலநாள் உண்டு வருவோர் தாமாக நிறுத்திவிடாமல், உறையோடு உடனே மருத்துவமனை செல்க. உறையில் எழுத்திருந்து படிக்க இயலாவிடின் உங்கள் தோட்டத்துக் கிராணியிடம் காட்டுங்கள். படித்துச் சொல்வது அவன் செய்யும் உபகாரமன்று, கடமை.