கரண்டு வருது

வேப்பம்பூ வாசனை மூக்கில் ஏறினால், கூடவே கிரீஸும் பழைய பெட்ரோலும் கலந்த வாசமும் எனக்கு வந்துவிடும். மாமாவின் ஒர்க்‌ஷாப் அப்படியொரு மரத்தடியில்தான் இருந்தது. முழுப்பரீட்சை லீவு முழுக்க அங்கேதான் கிடப்பேன். பிளக்கை உப்புத்தாளால் தேய்ப்பது, பேட்டரி டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவுவது, தூக்குச்சட்டியில் டீ வாங்கி வருவது, இவைதான் என் உத்தியோகம்.

எந்தக் கார் வந்தாலும் மாமா உடனே பானெட்டைத் திறக்கமாட்டார். பற்றவைக்காத பீடியைக் காதில் செருகிக்கொண்டு, "சாவியத் திருப்புங்க அண்ணாச்சி" என்பார். 'டக்'கென்று ஒற்றைச் சத்தம் கேட்டு ஹெட்லைட்டும் மங்கினால் முதல் சந்தேகம் பேட்டரிமேல். செல்ஃப் ஜோராகச் சுற்றியும் வண்டி பிடிக்கவில்லையென்றால், ஒன்று கரண்டு வரவில்லை, இல்லையென்றால் பெட்ரோல் வரவில்லை. "இம்புட்டுதாம்லே மருமவனே வைத்தியம்!" ஓடுகிற வண்டி திக்கினால், நாலு பிளக் ஒயரையும் ஒவ்வொன்றாய்க் கழற்றி மாட்டுவார், எதைக் கழற்றியும் சத்தம் மாறவில்லையோ, அந்த சிலிண்டர்தான் தூங்குகிறது. கழற்றிய பிளக்கை வெற்றிலையைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்: நுனி காப்பிப்பொடி நிறமென்றால் சுகம், கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் சூடு அதிகம்.

ஒரு முகூர்த்த நாளில் வாடகைக் கார் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். செல்ஃப் சுற்றியது, பிடிக்கவில்லை. மாமா ஒரு பிளக் ஒயரை என்னிடம் கொடுத்து, எஞ்சின் இரும்பை ஒட்டினாற்போல் பிடிக்கச் சொன்னார். நானும் பெரிய டாக்டர் தோரணையில் பிடித்தேன், விரல் ரப்பரைத் தாண்டியது தெரியாமல். பேட்டரி வெறும் 12 வோல்ட்தான். அதைக் காயில் பல்லாயிரம் வோல்ட்டாக்கி அனுப்புகிறது என்பதை என் தோள்பட்டை அன்றைக்குப் படித்தது. நான் போட்ட 'எம்மா'வில் மரத்துக் காக்காயெல்லாம் பறந்தது. மாமா ஓடிவந்து கையைத் தடவிக்கொண்டே, முகமெல்லாம் சிரிப்பாக டிரைவர் பக்கம் திரும்பினார்: "கரண்டு ஜம்முன்னு வருது அண்ணாச்சி. கோளாறு பெட்ரோல்லதான்!"

கார்பரேட்டரைக் கழற்றினால், பெட்ரோல் நுழைகிற ஊசித் துவாரத்தில் எள்ளளவு துரு. ஊதி மாட்டியதும் வண்டி ஒரே பிடியில் பிடித்தது. எனக்கு ஒரு பாட்டில் கலர் கிடைத்தது.

இரவு சோற்றுக்கு உட்கார்ந்தபோது, கோளாறைக் கண்டுபிடித்ததே நான்தான் என்று அம்மாவிடம் அளந்தேன். மாமா ரசத்தை ஊற்றிக்கொண்டே, "ஆமாக்கா, அவன்தான்" என்றார்.