சேவாகிராம்: நிழலில் நிற்கும் வரலாறு

சென்னையிலிருந்து டெல்லி செல்லும் ரயில் தடத்தில், நாக்பூருக்குச் சற்று முன்னால் வருகிறது சேவாகிராம் சந்திப்பு. வார்தா நகரிலிருந்து காந்தியின் ஆசிரமத்துக்கு எட்டு கிலோமீட்டர். 1936 ஏப்ரல் இறுதியில் காந்தி வந்து சேர்ந்தபோது இந்த ஊர் சேகாவ் என்ற குக்கிராமம். ஷேகாவ் என்று இன்னொரு ஊரும் இருந்ததால் கடிதங்கள் இடம் மாறிப் போயின. 1940-ல் பெயரைச் சேவாகிராம் என்று மாற்றினார்கள்.

மண்சுவர், மூங்கில், நாட்டு ஓடு. காந்தி வாழ்ந்த பாபு குடி அவ்வளவுதான். சுவரில் காந்தியின் சீடர் மீராபென் மண்ணாலேயே புடைப்பாகச் செய்த பனைமரமும் ராட்டையும் இன்னும் இருக்கின்றன. பாம்புகளைக் கொல்லக் கூடாது என்பது காந்தியின் கட்டளை. பிடித்துக் காட்டில் விடுவதற்காக வைத்திருந்த இடுக்கியையும் கூண்டையும் பார்க்கலாம். வைஸ்ராய் காந்தியிடம் அவசரத்துக்குப் பேச ஆங்கில அரசே போட்டுக் கொடுத்த தொலைபேசியின் அறையும் அப்படியே இருக்கிறது.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகும் என் மனம் நின்றது மரங்களிடம்தான். பிரார்த்தனைத் திடலருகே உள்ள அரசமரம் 1936-ல் காந்தி நட்டது. கஸ்தூரிபா நட்டது மகிழமரம். 1944 பிப்ரவரியில் அந்த அம்மாள் புணே ஆகாகான் மாளிகையில் கைதியாகவே கண்மூடினார். 1946-ல் சேவாகிராமை விட்டுப் புறப்பட்ட காந்தி திரும்பி வரவேயில்லை. குடிசைகளுக்கு ஆண்டுதோறும் மண் பூசி, ஓடு மாற்றிப் பராமரிக்க வேண்டியிருக்கிறது. மரங்களோ அவர்கள் விட்டுப்போன பிறகும் தாமாக வளர்ந்தவை. ஒரு தலைவருக்கு இதைவிட நல்ல நினைவுச்சின்னம் எனக்குத் தெரியவில்லை.

தமிழர்களுக்கும் இந்த ஊரில் உரிமை உண்டு. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா வார்தாவின் மகன்வாடியில் இருந்துகொண்டு கிராமத் தொழில்களை வளர்த்தார். யாழ்ப்பாணத்தவரான ஆரியநாயகம் தம் மனைவி ஆஷாதேவியோடு இங்கே கைத்தொழில் வழியே கற்பிக்கும் ஆதாரக் கல்வியை நடத்தினார். காந்தியைத் தேடி வருகிற நம்மவர்கள் இந்த இருவரையும் விசாரித்துவிட்டுப் போக வேண்டும்.

ஆசிரமத்து மரங்களில் கோடரி வைக்க யாருக்கும் துணிவு வராது. அவற்றுக்கு வேலி உண்டு, நட்டவர் பெயர் சொல்லும் பலகை உண்டு. வார்தாவிலிருந்து வரும் சாலையின் இருபுறத்து மரங்களுக்கு அந்தக் காவல் இல்லை. அவற்றில் பல காந்தி காலத்தில் ஆசிரமத்தைச் சேர்ந்தவர்கள் நட்டவை என்று ஊரார் சொல்கிறார்கள். 2020-ல் சாலையை அகலப்படுத்தப் பல மரங்களைச் சாய்த்தும்விட்டார்கள். வார்தா மக்கள் மரத்தடியில் திரண்டு எதிர்த்த பிறகே வெட்டு நின்றது.

காந்தியின் பெயரைச் சொல்லி வாகனங்கள் வரும் சாலைக்காக, அவர் காலத்து மரங்களை வெட்டியதை எப்படி ஏற்பது? மிஞ்சிய மரங்களுக்கு எண்ணிட்டு, ஆசிரமத்தில் இருப்பதைப்போல ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பலகை நட வேண்டும். நட்ட காலமும் தெரிந்தவரை நட்டவர் பெயரும் மராத்தியிலும் இந்தியிலும் அதில் இருந்தால் போதும். அடுத்த முறை சாலையை அளக்க வருகிறவர்கள் முதலில் அதைப் படிக்கட்டும்.