அடிமாட்டுக்கும் ஒரு கொட்டகை

மரக்காணத்து உப்பளங்களில் தை மாதத்தில் தொடங்கும் வேலை ஐப்பசி மழையோடு ஓய்ந்துவிடும். பாத்திகள் நீரில் மூழ்கிக் கிடக்கும் அம்மாதங்களில்தான் எங்கள் ஊருக்குள் மாட்டுத் தரகர்கள் மிகுதியாக வருவர். காசு வறண்ட வீட்டில் முதலில் விலைபோவது பால் வற்றிய பசு.

இறைச்சிக்கென்றே மாடு வளர்க்கும் வழக்கம் நம் பக்கத்தில் இல்லை. ஏரில் தளர்ந்த எருதும் பால் நின்ற பசுவுமே ஒரு நாள் 'அடிமாடு' எனப் பெயர் பெறுகின்றன. பெயர் மாறும்போது இருப்பிடமும் மாறிவிடுகிறது. எங்கள் வீட்டில் கறவைப் பசுவுக்குச் சிமெண்டுத் தரையும் தகரக் கூரையும் உண்டு. கிழப் பசுவைப் பனைமரத்தடியில் ஒரு முழக் கயிற்றில் கட்டியிருந்தேன். குறுகிய கயிற்றில் நெடுநேரம் கட்டிவைப்பது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பது அன்று எனக்குத் தெரியாது.

சிமெண்டுத் தரையையும் நான் பெருமையாகவே எண்ணியிருந்தேன். கால்நடை மருத்துவர் ஒருவர் அந்தப் பெருமையைக் குலைத்தார். பசு நாளில் ஏறத்தாழப் பாதி நேரம் படுத்து அசைபோட வேண்டும். எழும்போது முன்னங்கால் முட்டியை ஊன்றிப் பின்புறத்தை முதலில் தூக்கும். ஈரச் சிமெண்டில் வழுக்கிவிடும் என்ற அச்சத்தால் படுக்காமலே நின்றுவிடும். மூத்திரம் தேங்கினால் எழும் நெடி கண்ணையும் மூச்சையும் அரிக்கும். கூரைக்குக் கீழே ஒரு பசுவுக்கு மூன்றரைச் சதுர மீட்டரும், திறந்த வெளியில் அதைப் போல் இரு மடங்கும் வேண்டும் என்றார். மாடு எழவும், படுக்கவும், திரும்பவும், தன்னை நக்கிக்கொள்ளவும், கால் நீட்டவும் இடம் வேண்டும் என்று பிரிட்டனில் பிராம்பெல் குழு 1965-இல் எழுதியதையும் சொன்னார். என் கிழப் பசுவுக்கு இவற்றில் ஒன்றுமே இல்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. விளக்கோடு பனையடிக்குப் போனேன். முழங்கால் அளவு நீரில், கயிறு கீழே இழுத்த கழுத்தோடு, கத்தவும் செய்யாமல் நின்றுகொண்டிருந்தது. முடிச்சு நனைந்து இறுகிப்போனதால் அரிவாளால் கயிற்றை அறுத்தேன். கொட்டகைக்குள் கொண்டுவந்தும் படுக்கவில்லை. மறுநாள் திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு. குடிலுக்கென எடுத்துவைத்திருந்த வைக்கோல் முழுவதையும் தரையில் பரப்பினேன். விடியும் நேரத்தில்தான் முட்டி மடக்கிப் படுத்தது.

அதன் பிறகும் நான் அதை விற்கத்தான் செய்தேன். பிள்ளையின் கல்விக் கட்டணத்துக்கு வேறு வழி இல்லை. தரகர் வந்து அவிழ்த்துப்போகும் நாள்வரை, ஐந்து வாரம், அது உள்ளேதான் படுத்தது.