மணியின் வயிறு

கேட்டவுடன் சிரிப்பை வரவழைக்கும் செய்தி ஒன்றை இப்பாடத்தில் கூறப்போகிறேன். முதலில் சிரியுங்கள், பின்னர்ச் சிந்தியுங்கள்.

தில்லியில் எங்களோடு வாழும் நாயின் பெயர் மணி. எதிர்வீட்டார் அதனை 'மோத்தி' என்பர். இரு பெயருக்கும் அது வாலாட்டும். அதற்கு வயது 8. அன்பிலும் காவலிலும் குறை வைத்ததில்லை. குறை ஒன்றே: அதற்கு அடிக்கடி வாயு பிரியும். சன்னல்களை அடைத்து உறங்கும் தைமாத இரவுகளில் அறை முழுதும் நாற்றம் பரவும். 'நாற்றம்' என்னும் சொல் பழந்தமிழில் நறுமணத்தையும் குறித்தது. எங்கள் அறையில் அப்பழம்பொருளுக்கு இடமில்லை!

"இரவில் அதை வெளியே கட்டிவிடு" என்றார் என் தாயார். வெளியிலோ, வெப்பநிலை 5 பாகை செல்சியசை ஒட்டி இறங்கும் குளிர். முதிய நாய் அதனைத் தாங்குமா? எனவே காரணத்தைத் தேடினோம்.

"யார் யார் என்னென்ன கொடுக்கிறார்கள்?" என்பதே கால்நடை மருத்துவரின் முதல் வினா. ஒரு வாரம் குறித்து வைத்தோம். மேல்வீட்டார் பால் ஊற்றினர். எதிர்வீட்டார் ராஜ்மா இட்டனர். தெருவில் ரொட்டி கிடைத்தது. அனைத்தும் அன்பினால் வந்தவையே. ஆயினும், வளர்ந்த நாய்கள் பலவற்றிற்குப் பாலிலுள்ள சர்க்கரை எளிதில் செரிப்பதில்லை. பயற்று வகைகளிலும் செரிக்காத சர்க்கரைகள் உண்டு. அவை பெருங்குடலை அடைந்ததும் அங்குள்ள நுண்ணுயிரிகள் அவற்றை நொதிக்கச் செய்கின்றன, வாயு உண்டாகிறது. அதில் சிறிதளவே உள்ள கந்தகச் சேர்மங்கள்தாம் மூக்கைப் பொத்த வைக்கின்றன. அவசரமாக விழுங்கும் நாய் காற்றையும் சேர்த்து விழுங்குகிறது.

உணவை அகன்ற தட்டில் பரப்பி, அளவாக இருவேளை வைத்தோம். புதிய உணவை ஒரே நாளில் மாற்றாமல், ஒரு வாரத்தில் சிறிது சிறிதாகப் பழக்கினோம். முன்னர் உண்டது செரித்தபின் உண்ணுக என்பது திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் காட்டும் நெறி. ஐந்தறிவு உயிருக்கும் அது பொருந்துமன்றோ?

வெளியே கட்டச் சொன்ன என் தாயாரே வீடுவீடாகச் சென்று, "தூத் நஹீ, ராஜ்மா நஹீ" என்று தாம் அறிந்த இந்தியில் விளக்கினார். நாற்றம் முற்றும் நீங்கவில்லை, பெரிதும் குறைந்தது. மணி இன்றும் வீட்டினுள்ளேதான் உறங்குகிறது.

ஒன்றை மறவாதீர்கள். நாயின் வயிறு திடீரென உப்பி, வாந்தி வராமலே அது குமட்டித் தவித்தால் சிறிதும் காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்; அது உயிர்க்கு ஆபத்தான நிலை.

வாயில்லா உயிர் தன் துன்பத்தைச் சொற்களால் கூறாது. நாம் முகஞ்சுளிக்கும் நாற்றமே அதன் முறையீடாக இருக்கலாம். அதனை விரட்டுமுன் அதன் தட்டைப் பாருங்கள்.

சிந்தித்து எழுதுக
1. மணியின் வயிற்றில் வாயு மிகுந்ததற்குரிய காரணங்கள் யாவை?
2. அன்பினால் கொடுப்பது எப்போது தீங்காகும்? உம் வீட்டிலிருந்தோ தெருவிலிருந்தோ ஒரு சான்று தருக.