குளத்துக்கு வெந்நீர்

கதை எழுதுகிறவனிடம் கணக்குக் கேட்க வருகிறவர்களும் உண்டு. நெல்லித்தோப்பு நண்பர் ஒருவர், மனைவியின் மூட்டுவலிக்காக வீட்டில் நீச்சல் குளம் கட்டியிருக்கிறார். மார்கழி வந்தால் நீர் சில்லிடுகிறதாம். எத்தனை கிலோவாட் ஹீட்டர் வேண்டும் என்றார்.

கல்லூரியில் படித்த பௌதிகம் கைகொடுத்தது. ஒரு லிட்டர் நீர் ஒரு டிகிரி சூடேற ஒரு கிலோகலோரி. குளத்தில் 50,000 லிட்டர். 24 டிகிரியை 30 ஆக்க 3,00,000 கிலோகலோரி, அதாவது சுமார் 350 யூனிட் மின்சாரம். ஒரே நாளில் வேண்டுமானால் 15 கிலோவாட். இரண்டு நாள் பொறுத்தால் அதில் பாதி. ஹீட்டரின் அளவு நம் அவசரத்தின் அளவுதான்!

இழக்கும் சூட்டில் பெரும்பகுதி மேற்பரப்பிலிருந்து ஆவியோடு போகிறது. பாட்டிமார் வெந்நீர் அண்டாவைத் தட்டால் மூடியது சும்மாவா? "முதலில் குளத்தை மூட ஒரு விரிப்பு வாங்குங்கள். பிறகு சின்ன ஹீட்டரே போதும்" என்றேன்.

வலிக்கு வெந்நீர் இதம். வெந்நீருக்குப் போர்வை இதம்.